ஆறு லட்சத்தையும் லோனில் போடலாமா?

கண்ணு,

போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் மழுப்பியது உனக்குக் கோபம் என்று அம்மா சொன்னாள். வாயால் சொன்னால் பாதிதான் நிற்கும் என்று எழுதுகிறேன். வேலையை விட்டு நீ தொடங்கிய இன்டீரியர் தொழிலில் பார்ட்டியிடமிருந்து வந்த ஆறு லட்சத்தையும் வீட்டு லோனில் கொண்டுபோய்ப் போடாதே. ஒரு பகுதியை மட்டும் போடு.

உன் அவசரத்தில் தப்பில்லை. 40 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருஷம். மாதத் தவணை 34,713 ரூபாய். முதல் தவணையில் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விட்டது, அசலில் கழிந்தது 6,380 மட்டும். வட்டி இப்படியே இருந்தால் முடிக்கும்போது 83 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பாய். ஒரு வருஷம் முடிந்திருக்கும் இந்த நேரத்தில் ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டினால் கடைசியில் 13 தவணைக்கு மேல் குறைகிறது. அதே ஒரு லட்சத்தைப் பதினைந்து வருஷம் கழித்துக் கட்டினால் நாலு தவணைதான் குறையும். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதமும் கிடையாது. வங்கிகள் அதை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. ஆக, சீக்கிரம் அடைக்க வேண்டும் என்பதில் உனக்கும் எனக்கும் சண்டையில்லை.

ஆனால் வந்த ஆறு லட்சத்தில் உன்னுடையது எவ்வளவு? 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்துத்தான் அந்தப் பார்ட்டி கொடுத்திருக்கிறார். அதில் 91,525 ரூபாய் அரசாங்கத்துடையது. நீ வாங்கிய சாமானுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்தான். அது முடிவாகும் வரை முழுசாக ஒதுக்கி வை. ஆசாரிக்கும் ப்ளைவுட் கடைக்கும் இன்னும் ஒன்றரை லட்சம் பாக்கி என்றாய். அதுவும் உன் பணமில்லை. வருமான வரிக்கு ஒரு ஐம்பதாயிரம். சம்பளத்தில் இருந்தபோது ஆபீஸே பிடித்துக் கட்டிவிட்டது, உனக்குத் தெரியவே இல்லை. இனி அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது வருஷம் முடியும் முன்பே கட்டும் வருமான வரியை, நீதான் கட்ட வேண்டும். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நாலு தவணையா, இல்லை வரவில் ஒரு பகுதியையே லாபமாகக் கணக்கிடும் உத்தேச வருமான முறையில் மார்ச் 15க்குள் ஒரே தடவையா என்று ஆடிட்டரைக் கேட்டுக்கொள். இதெல்லாம் போக மிச்சம் 3,08,475.

இதையாவது போடலாமே என்பாய். நம் மோட்டார் ரிப்பேர் கடையை நினைத்துப் பார். சித்திரை, வைகாசியில் லோ வோல்டேஜில் எரிந்த மோட்டார்கள் வாசற்படி வரைக்கும் கிடக்கும். ராத்திரி பதினொரு மணி வரை காயில் கட்டுவோம். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் டீ குடிக்கத்தான் கடை திறக்க வேண்டும். வைகாசியில் வந்த காசை உன் அம்மா தபால் ஆபீசில் போட்டுவிடுவாள், நான் கெஞ்சினாலும் எடுத்துத் தர மாட்டாள். அந்தப் பிடிவாதத்தால்தான் எந்த ஐப்பசியிலும் நாங்கள் கந்து வட்டிக்காரனிடம் போய் நிற்கவில்லை.

உன் தொழிலுக்கும் ஐப்பசி உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை, அந்த மாதங்களுக்குள் முடிக்கச் சொல்லி யாரும் உன்னை விரட்டப்போவதும் இல்லை. போதாததற்கு, வேலை முடிந்த பிறகும் கடைசிப் பத்து சதவீதத்தை இழுத்தடிக்கும் பார்ட்டிகள் வேறு. ஆனால் தவணைத் தேதி மாதாமாதம் வந்துவிடும். 90 நாள் பாக்கி நின்றால் வங்கிக் கணக்கில் அது வாராக்கடன். அதனால் ஆறு தவணைக்கான 2,08,278 ரூபாயை எஃப்டி போட்டு வை. மாப்பிள்ளை சம்பளத்தில் வீட்டுச் செலவு ஓடுகிறது என்பதால் ஆறு மாதத்தோடு நிறுத்தினேன். இல்லாவிட்டால் ஒரு வருஷத்துக்கு வைக்கச் சொல்லியிருப்பேன்.

லோனில் போட்ட பணம் திரும்பி வராது. கேட்டால், இதே வீட்டுக் கடனுக்கு மேல் கூடுதலாக டாப்-அப் கடன் எடுங்கள் என்பார்கள். அதற்குச் சொந்தத் தொழில்காரர்களிடம் இரண்டு மூன்று வருஷத்து வருமான வரி ரிட்டர்ன் கேட்பார்கள். நீ வேலையை விட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை, எதைக் காட்டுவாய்? சில வங்கிகளில் ஓவர்டிராஃப்ட் மாதிரி வீட்டுக் கடன் இருக்கிறது. மிச்சப் பணத்தை அந்தக் கணக்கில் விட்டால் அந்த அளவுக்கு வட்டி ஏறாது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். வட்டி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். உன் வங்கியில் அப்படி மாற்றித் தருவார்களா என்று விசாரி.

சரி, கடைசியில் ஒரு லட்சம் நிற்கிறது. அதை லோனில் போடு. கட்டப் போகும்போது, வருஷத்தைக் குறைக்கவா, தவணையைக் குறைக்கவா என்று கேட்பார்கள். எல்லோரும் வருஷத்தைக் குறைக்கத்தான் சொல்வார்கள். சம்பளக்காரர்களுக்கு அது சரி. நீ தவணையைக் குறைக்கச் சொல். மாதம் 885 ரூபாய்தான் குறையும், சின்னத் தொகைதான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் இப்படிச் செய்து வந்தால், வேலை இல்லாத மாதத்தில் நீ கட்டியே ஆக வேண்டிய தொகை இறங்கிக்கொண்டே வரும். வேலை இருக்கும் மாதங்களில் குறைந்த அந்தத் தொகையையும் நீயாகவே சேர்த்துக் கட்டிவிடு. அப்படிக் கட்டினால் வருஷம் குறைத்தவர்களுக்கு முடிகிற அதே சமயத்தில் உனக்கும் கடன் முடியும். கட்ட முடியாத மாதத்தில் யாரும் கேட்க முடியாது.

வட்டிக்கு வரிச் சலுகை இருக்கிறதே, எதற்கு அடைக்கிறாய் என்று உன் சிநேகிதி சொன்னாளாமே. குடியிருக்கும் வீட்டுக்கு அந்தச் சலுகை பழைய வரி முறையில்தான், அதுவும் வருஷத்துக்கு 2 லட்சம் வரைக்கும். புதிய முறையில் இல்லை. தொழில் வருமானம் உள்ளவர்கள் வருஷா வருஷம் முறையை மாற்றிக்கொண்டிருக்கவும் முடியாது, ஆடிட்டரிடம் பேசாமல் எதையும் டிக் பண்ணாதே.

பிஎஃப் நின்றுவிட்டது, அதனால் பிபிஎஃப் என்கிற அரசாங்கத்தின் நீண்ட காலச் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்கு. 8.5க்குக் கடனை வைத்துக்கொண்டு 7.1க்கு ஏன் சேமிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்பார். கணக்குப்படி அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் தொழிலில் கடன் வழக்கு என்று ஏதாவது வந்தாலும் அந்தப் பணத்தைக் கோர்ட் ஜப்தி செய்ய முடியாது. எனக்கு அது போதும். அப்புறம், ஆபீஸ் கொடுத்த மருத்துவக் காப்பீடும் வேலையோடு போய்விட்டது. அடுத்த பார்ட்டி பணம் வந்ததும் முதலில் அதை எடு.

வங்கியில் கட்டும்போது தவணையைக் குறைக்கும்படி எழுத்தில் கொடு. வாயால் சொன்னால் வருஷத்தைக் குறைத்துவிடுவார்கள். புதுத் தவணை அட்டவணை வந்ததும் எனக்கு ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, 885 குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அப்பா