கத்தி வாய் பேந்ததை மூணு வாரம் மறைச்ச மகளுக்கு

பாப்பா,

நேத்து போன்ல நீ சொன்னதும் நான் ஒண்ணுமே பேசலைல்ல, அப்பாவுக்குக் கோவம்னு நினைச்சிருப்ப. கோவம்லாம் இல்லம்மா, டின்னர் நேரம், தந்தூர் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன், தலைக்கு மேல ஆர்டர். இப்பதான் கடையை மூடிட்டு வந்து ராத்திரி பன்னெண்டு மணிக்கு உக்காந்து டைப் பண்றேன், தப்பு கிப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்கோ.

கத்தி வாய்ல சில்லு பேந்தது எனக்குப் பெரிய விஷயமே இல்ல. அதை நியூஸ்பேப்பர்ல சுத்தி சிங்குக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டு, மூணு வாரமா நூறு யென் கடைக் கத்தியில தக்காளியை நசுக்கிட்டு இருந்த பாரு, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருந்துது.

ஹொக்கைடோவுல இருந்துட்டு பூசணி வாங்காம இருக்க முடியாதுதான், ஜப்பான்லயே அதிகமா விளையறது அங்கதான். ஆனா அந்த கபோச்சா நம்ம பரங்கிக்கா மாதிரி இல்ல, தோல் மரக்கட்டை. நீ என்ன பண்ணிருப்பன்னு எனக்கு இங்கேர்ந்தே தெரியுது, கத்தி பாதி இறங்கி மாட்டிருக்கும், இடமும் வலமுமா ஆட்டி ஆட்டி இழுத்திருப்ப. அந்த ஆட்டுன ஆட்டுலதான் போச்சு. இனிமே அதை மைக்ரோவேவ்ல ரெண்டு மூணு நிமிஷம் வச்சு எடு, காம்புப் பக்கம் போகாத, கத்தியை நேரா இறக்கு, நேரா எடு. மாட்டிக்கிச்சுன்னா பூசணியோட சேத்துத் தூக்காம பொறுமையா வெளிய எடு.

அம்மா கேட்டதும் என்ன சொன்னா தெரியுமா, "என் அரிவாமனையா இருந்தா இப்படி ஆகுமா"ன்னு. ஆகாதுதான், அது மெத்து இரும்பு, அடி பட்டா வளையும், மடங்கும், பேராது. உன் சந்தோகுல, அதான் நான் குடுத்த ஜப்பான் சமையல் கத்தில, வாய் மட்டும் ஷிரோகாமி ரெண்டாம் நம்பர் உருக்கு. வெள்ளைக் காகிதம்னு அர்த்தம், ஷிமானேல யசுகின்னு ஒரு ஊர்ல வர்ற உருக்கு அது, எதுல சுத்தி வருதோ அந்தக் காகிதத்தோட கலர்தான் பேரு. நீலக் காகிதமும் உண்டு, ஆஓகாமி, அதுல டங்ஸ்டனும் குரோமியமும் கொஞ்சம் சேக்கறாங்க. வெள்ளைல கிட்டத்தட்ட வெறும் இரும்பும் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல கார்பனும்தான். அதனால கடினத்தை அளக்கற ராக்வெல் கணக்குல 60க்கு மேல நிக்கும், ஜெர்மன் கத்தியெல்லாம் 56, 58. கடினமா இருக்கறதாலதான் அவ்ளோ மெல்லிசா தீட்ட முடியுது, அதே கடினத்தாலதான் பேருது. இது ரெண்டுல ஒண்ணு மட்டும் வேணும்னா கிடைக்காது. நல்லவேளை உருக்கு நடுவுலதான் இருக்கு, ரெண்டு பக்கமும் மெத்து இரும்பை வச்சு உலையில காய்ச்சி அடிச்சு ஒட்ட வச்சிருக்காங்க, முழுக்க உருக்கா இருந்திருந்தா ரெண்டா கூட போயிருக்கலாம்.

உனக்கு ஞாபகம் இருக்கா, நீ நாலாவது படிக்கும்போது ஹான்காய் டிராம்ல சகாய்ங்கற கத்தி ஊருக்குக் கூட்டிட்டுப் போனேனே, நீ ஐஸ்கிரீம் கேட்டு அழுதியே, அன்னைக்குதான் இந்த மாதிரிக் கத்தி பண்றதைப் பாத்தோம். பட்டறைல ஒருத்தர் அடிச்சு, களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சி தண்ணில தோய்ச்சாரு. களிமண் எதுக்குன்னா, சூட்டுல தண்ணி ஆவியாகி குமிழியா ஒட்டிக்கிட்டா தோய்ச்சல் திட்டு திட்டா போயிடும், மண்ணு இருந்தா சமமா ஆறும். அதோட அவர் வேலை முடிஞ்சுது. தீட்டறது வேற வீடு, பிடி போடறது வேற ஆளு. அந்த வெள்ளை மரப் பிடியோட கழுத்துல கறுப்பா இருக்குல்ல, அது எருமைக் கொம்பு. ஒருத்தரே எல்லாம் பண்ணாதான் பெருமைன்னு நான் முன்னாடி நினைச்சுட்டு இருந்தேன், சகாய் போனப்புறம் மாத்திக்கிட்டேன், நாள் பூரா தீட்டறது மட்டுமே வேலையா வச்சிருக்கறவர் கை வேற கை. போர்ச்சுகீசியர் புகையிலை கொண்டு வந்தப்ப அதை நறுக்கக் கத்தி அடிச்சுதான் அந்த ஊருக்குப் பேரே வந்துச்சு, டோகுகாவா அரசாங்கம் தரத்துக்கு முத்திரையே குடுத்துது.

சரி, ஒரு விஷயம் உன்கிட்ட சொன்னதே இல்ல. நான் ஒசாகா வந்த ரெண்டாவது வருஷம், பக்கத்துக் கடைல மீன் வெட்டற தாத்தா ஒருத்தர் இருந்தாரு, அவரோட யனகிபாவை ஒரு அவசரத்துக்குக் கேட்டு வாங்கிட்டு வந்து பாதி உறைஞ்ச கோழியில போட்டேன். சஷிமி வெட்டற கத்தி அது, ஒரு பக்கம் மட்டும் தீட்டுனது, என் புத்தி எங்க போச்சோ. மூணு இடத்துல பேந்துருச்சு. ரெண்டு நாள் நானும் ஒளிச்சுதான் வச்சிருந்தேன், உன்னைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை! அப்புறம் போய்க் குனிஞ்சு நின்னேன். அவர் திட்டவே இல்ல, சொரசொரப்புக் கல்லை என் பக்கம் தள்ளி வச்சாரு, அவ்ளோதான். ஒரு வாரம் லன்ச்சுக்கும் டின்னருக்கும் நடுவுல போய் நின்னு தேய்ச்சேன், விரல் நுனியெல்லாம் தோல் போச்சு. அவர்கிட்ட இன்னொரு கத்தி இருந்துச்சு, முப்பது சென்டிமீட்டரா வாங்குனதாம், தேய்ஞ்சு தேய்ஞ்சு ஒரு ஜாணா நின்னுச்சு. அதைத்தான் தினமும் எடுப்பாரு.

இப்ப நீ பண்ண வேண்டியது. கல்லுல நம்பர் கம்மின்னா சொரசொரப்பு ஜாஸ்தி. உன்கிட்ட இருக்கற செங்கல் கலர் கிங் கம்பெனி 1000 கல்லுல சில்லை எடுக்க முடியாது, விடிஞ்சுரும். 400 ஒண்ணு அனுப்பிருக்கேன். தண்ணில போட்டா குமிழி குமிழியா வரும், நிக்கற வரைக்கும் ஊறட்டும், பத்து பதினஞ்சு நிமிஷம். ஈரத்துணியை மடிச்சு அடியில போடு, கல்லு நகரக் கூடாது. கத்தி முதுகுக்கு அடியில ரெண்டு மூணு பத்து யென் காசு போற உயரம், அந்தச் சாய்வைக் கடைசி வரை மாத்தாத. சேறு மாதிரி வரும், கழுவிடாத, அதுதான் தேய்க்குது. ரெண்டு பக்கமும் சமமா, சில்லு மறையற வரைக்கும், ஒரு மணி நேரம் கூட ஆகலாம், பாட்டு கேட்டுட்டே பண்ணு. அப்புறம் 1000. ஒரு பக்கம் தேய்ச்சதும் மறுபக்கம் விரலைக் குறுக்கால வச்சு வெளிப்பக்கமா தடவிப் பாரு, மெல்லிசா பிசிறு தட்டுப்படும், இங்க காஏரின்னு சொல்லுவாங்க. அடியிலேர்ந்து நுனி வரைக்கும் பிசிறு வந்தாதான் பக்கத்தை மாத்தணும், இதுல அவசரப்பட்டுத்தான் எல்லாரும் கோட்டை விடறாங்க. கல்லு நடுவுல குழிஞ்சா பென்சில்ல கட்டம் போட்டு, கோடு எல்லாம் அழியற வரைக்கும் சமன் பண்ணிக்கோ.

தேய்ச்சுத் தேய்ச்சு வாய் முதுகுப் பக்கமா மேல ஏறிட்டா அங்க இரும்பு தடியா இருக்கும், கேரட் வெட்டுனா ஆப்பு வச்ச மாதிரி பிளக்கும். பக்கத்தைப் படுக்க வச்சு இழைக்கணும், அதை மட்டும் நீ தொடாத, கோல்டன் வீக் லீவுக்கு வரும்போது கொண்டு வா, நான் பண்ணித் தரேன். கொண்டு வரும்போது அட்டை வச்சுக் கட்டி, துணி சுத்தி, பைக்கு உள்ள அடியில வை. ஆறு சென்டிமீட்டருக்கு மேல வாய் இருக்கற எதையும் காரணம் இல்லாம எடுத்துட்டுத் திரிஞ்சா இங்க குத்தம், தெரியும்ல.

வெங்காயம் வெட்டுனா கத்தி நீலமா சாம்பலா ஆகுதுன்னு பயப்படாத, அது துரு இல்ல, செவப்பா வந்தாதான் துரு. வெட்டுனதும் கழுவித் துடைச்சிரு, சமையல் முடியட்டும்னு விடாத.

உனக்கு இதைக் குடுத்த அன்னைக்கு நான் கத்தியை உன் கையில தராம மேஜை மேல வச்சேன், நம்ம வீட்டுப் பழக்கம், கையோட கை கத்தி குடுத்தா சண்டை வரும்னு பாட்டி சொல்லுவா. நீ சிரிச்சுட்டு, இங்கத்த பழக்கம்னு அஞ்சு யென் காசு என் கையில வச்ச, "கோஎன்"னா அஞ்சு யெனும் அதுதான் உறவும் அதுதான்னு எனக்கே பாடம் எடுத்த. அந்தக் காசு இன்னும் என் பர்ஸ்லதான் கிடக்கு. அதனால வாய் பேந்தா எனக்கு போன் பண்றதுல என்னம்மா கூச்சம்.

பார்சல் வியாழக்கிழமை வரும், ஏழுலேர்ந்து ஒம்பது மணி டைம் போட்டிருக்கேன், வீட்ல இரு. கல்லு கனம், அடியில கை குடுத்துத் தூக்கு. அம்மா ரசப்பொடியும் புளியும் வச்சிருக்கா. புளி கத்தி மேல படாம பாத்துக்கோ.

அப்பா