சால்மனை எண்ணுகிறவர்கள்

ஆசிரியருக்கு,

அலாஸ்கா சால்மன் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் அந்த மீனை எண்ணுகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! சில சீசன்கள் நான் அந்த வேலை பார்த்தவன். அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு சாக்கை என்ற வகை சால்மன் திரண்டு வருவது ஜூன் கடைசியிலும் ஜூலையிலும். ஆற்றங்கரையில் ஒரு கோபுரத்தின் மேல் நின்றுகொண்டு, மணிக்கு 10 நிமிடம் கை கவுண்டரைத் தட்டித் தட்டி எண்ணி அதை 6-ஆல் பெருக்க வேண்டும், ராத்திரியும் இதே வேலைதான். முட்டையிடப் போதுமான மீன் ஆறேறிவிட்டதா என்று இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கடலில் மீன்பிடிக்க விடுகிறார்கள்.

அப்புறம் செதில். இடுக்கியால் ஒன்றைப் பிடுங்கி பசை அட்டையில் ஒட்டினால், மர வளையம் மாதிரி அதில் வயதைப் படிக்கலாம். விரல் மரத்துப்போய், முகமெல்லாம் கொசு மொய்க்க, ஒரு அட்டை முழுவதையும் தலைகீழாக ஒட்டித் திட்டு வாங்கியிருக்கிறேன் (பிசுபிசுவென்று இருக்கும்போது எந்தப் பக்கம் மேலே என்று கண்டுபிடித்துப் பாருங்கள்).

சீசன் முடிந்தால் வேலையும் போச்சு, அடுத்த கோடைக்கு மறுபடி விண்ணப்பம். அடுத்த கட்டுரைக்கு முன்னால் இவர்களில் ஒருவரிடமாவது பேசுங்கள்.

— முன்னாள் மீன்வள டெக்னீஷியன்