தைப்பூச அன்னதானக் கமிட்டிகளுக்கு: மே மாதத்துக்கும் கொஞ்சம் பருப்பு எடுத்து வையுங்கள்

காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களுக்குப் பந்தல் போட்டுச் சோறு போடும் கமிட்டி அண்ணன்மார்களுக்கு வணக்கமுங்க.

உங்கள் பந்தலில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டவன்தான் நானும். அன்னதானத்தைக் குறை சொல்ல வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளைச் சுற்றியுள்ள லைன் வீடுகளுக்கு மளிகை கொடுக்கும் ஓர் உணவு வங்கியில் மூட்டை பிரித்துப் பொட்டலம் கட்டுகிறவன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: பந்தலுக்கு வாங்கும் பருப்பிலும் எண்ணெயிலும் ஒரு பங்கை மே மாதத்துக்கென்று ஒதுக்கித் தாருங்கள்.

மே மாதம் ஏன் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியம் சத்துணவு உண்டு, எம்.ஜி.ஆர். 1982-ல் தொடங்கியது. 2022-லிருந்து தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டது. முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டால் அந்த இரண்டு வேளையும் வீட்டு அடுப்புக்கு வந்துவிடும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் நாளைக்கு நாலு சாப்பாடு கூடுதல். சனிக்கிழமைச் சம்பளம் மட்டும் கூடுவதில்லை. ஆர்டர் இல்லாத வாரம் அதுவும் குறையும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆன கதையைச் செக்கிங், காஜா பட்டன் வேலைக்குப் போகும் பெண்கள் வந்து சொன்னார்கள். ஜூனில் பள்ளி திறந்தால் நோட்டு, பை, செருப்பு என்று அது வேறு இருக்கிறது.

நல்ல மனசோடு எல்லோரும் அரிசி மூட்டையாகவே அனுப்புகிறீர்கள். அரிசி ரேஷனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பருப்புதான் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ, முப்பது ரூபாய்க்கு. பாமாயில் ஒரு லிட்டர், இருபத்தைந்துக்கு. நாலு பேர் உள்ள வீட்டில் அந்த ஒரு கிலோ எத்தனை நாளைக்கு வரும்? நம்மூர் அரிசிம்பருப்புச் சோற்றுக்குக்கூட அரிசி இருக்கும், பருப்பு இருக்காது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் அவர்களுக்கு இங்கே தானியம் கிடைக்கும். பருப்பும் எண்ணெயும் நம் மாநிலக் கார்டுக்கு மட்டும்தான். அவர்கள் வீட்டுப் பையில் நாங்கள் கோதுமை மாவும் கடுகெண்ணெயும் சேர்த்து வைக்கிறோம். கடுகெண்ணெய் எதற்கு என்று எங்கள் ஆட்களே முதலில் கேட்டார்கள். அந்த வாசனை இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது.

உங்களுக்கு இதில் பெரிய செலவு வராது. புதுத் துவரை மார்கழி, தையில்தான் சந்தைக்கு வருகிறது. அப்போது பெரும்பாலும் விலையும் இறங்கியிருக்கும். பந்தலுக்கு வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள். நன்றாக வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டுக் கட்டினால் சித்திரை, வைகாசி வரை வண்டு விழாது. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பந்தல் பிரிக்கிற அன்று மிச்சமிருக்கும், பிரிக்காத எண்ணெய் டின், புளி, மிளகாய்த்தூள் எல்லாம் கொடுங்கள். ஆக்கிய சோறு மட்டும் வேண்டாம். வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் சூடு 60 டிகிரிக்குக் கீழே போய்விடும். அதற்கப்புறம் கிருமி பெருகும். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் யார் பதில் சொல்வது?

இன்னொன்று, கோவிச்சுக்காதீங்க. போன தடவை பருப்பு கொடுத்த ஒருவர் வாங்குகிறவர்களை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொன்னார். முடியாது என்றோம், மூட்டையைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எங்களிடம் வருகிற பெண்கள் விளக்கு வைத்த பிறகுதான் வருவார்கள். ஜவுளிக்கடைக் கட்டைப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்திருப்பார்கள். பொட்டலத்தை அடியில் வைத்து, மேலே ஒரு கட்டுக் கீரையோ முருங்கைக்காயோ தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அது மார்க்கெட்டுக்குப் போய்வந்த பை. அப்படியே இருக்கட்டும்.

கணக்கு வேண்டுமென்றால் நோட்டைக் காட்டுகிறோம்: எத்தனை கிலோ வந்தது, எத்தனை வீட்டுக்குப் போனது, எல்லாம் எழுதியிருக்கிறது. பேர் மட்டும் காட்ட மாட்டோம். ஃபிளெக்ஸ் வைப்பதென்றால் உங்கள் பந்தலிலேயே தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையை எடுக்க வண்டி நாங்களே கொண்டுவருகிறோம். பந்தல் பிரிக்கிற தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.