நெகட்டிவ் கொடையாளரின் மரபணுவையும் ஒரு தடவை பாருங்கள்

நாரஹேன்பிட்டி தேசிய இரத்த நிலையத்தின் மருத்துவர்களுக்கும் ஆய்வுகூடத்தினருக்கும்,

வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஓ நெகட்டிவ். நாலு மாதம் முடிந்ததா என்று கலண்டரைப் பார்த்துப் பார்த்து இரத்தம் கொடுத்து வருகிறவள். இரவு பதினொரு மணிக்கும் "அக்கா, ஓ நெகட்டிவ் அவசரம்" என்று வாட்ஸ்அப் வரும். ஓ, ஏ, பி என்று எல்லா நெகட்டிவையும் சேர்த்தாலே நூறு பேரில் ஐந்து பேர் அளவில்தானே இருக்கிறோம்.

அம்மாவும் நெகட்டிவ். அண்ணா பொசிட்டிவ். அண்ணா பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் அம்மாவுக்குப் போட்டிருக்க வேண்டிய ஆன்டி-டி ஊசியை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் போடவில்லை. பொசிட்டிவ் இரத்தத்தைத் தாக்கும் பிறபொருளெதிரியை அம்மாவின் உடம்பு உருவாக்காமல் தடுப்பது அந்த ஊசிதான். அடுத்துப் பிறந்த சின்னண்ணாவும் பொசிட்டிவ்; உடம்பெல்லாம் மஞ்சளாகி மூன்றாம் நாள் போய்விட்டான். மூன்றாவது நான். நானும் நெகட்டிவ் என்பதால் அம்மாவின் இரத்தத்தில் இருந்த பிறபொருளெதிரி என்னை ஒன்றும் செய்யவில்லை. சின்னண்ணாவுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை அம்மா இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறார்.

அதனால்தான் இரத்தப் பையில் ஒட்டும் அந்த 'நெகட்டிவ்' என்ற சொல் எனக்குப் பெரிய விஷயம். சோதனைத் திரவத்தில் துளி இரத்தம் கட்டிபட்டால் பொசிட்டிவ், படாவிட்டால் நெகட்டிவ். பொசிட்டிவா நெகட்டிவா என்பதைத் தீர்மானிப்பது டி என்ற புரதம். சாதாரண பொசிட்டிவ் செங்குழியத்தின் மேற்பரப்பில் அது பத்தாயிரக்கணக்கில் இருக்கும். வீக் டி என்ற வகையில் அது குறைவு. ஆன்டிகுளோபுலின் என்ற இன்னும் நுணுக்கமான சோதனையில் பிடிபட்டுவிடும். டெல் என்ற வகையில் சில பத்துக்கு மேல் இருக்காது; அந்தச் சோதனைக்கும் தப்பிவிடும். அப்படி ஒருவருடைய இரத்தம் நெகட்டிவான ஒரு பெண்பிள்ளைக்கு ஏறினால், அவள் உடம்பு பிறபொருளெதிரியை உருவாக்கிவிடலாம். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது: 2005இல் ஜப்பானிலும் ஆஸ்திரியாவிலும் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பிறகு அவள் தாயாகும்போது எங்கள் வீட்டுக் கதைதான்.

டி புரதத்தை உருவாக்குவது முதலாம் நிறமூர்த்தத்தில் உள்ள ஆர்எச்டி மரபணு. அதைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பல நெகட்டிவ் கொடையாளரின் மாதிரிகளை ஒன்றாகக் கலந்து, மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனை செய்து பார்க்கிறார்கள். அந்தக் கலவையில் மரபணு தென்பட்டால் மட்டும் ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்ப்பார்கள். செலவு அப்படித்தான் குறைகிறது. எல்லாக் கொடையாளருக்கும் செய்யச் சொல்லவில்லை. நெகட்டிவ் என்று எழுதுகிறவர்களுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரேயொரு தடவை போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். மரபணு இருந்தாலே பொசிட்டிவ் என்று முடிவு கட்டக்கூடாது. ஆப்பிரிக்க வம்சத்தவர் பலரிடம் மரபணு இருக்கும், ஆனால் நடுவில் 37 டிஎன்ஏ எழுத்துகள் கூடுதலாகச் செருகி வேலை செய்யாமல் கிடக்கும். அவர்கள் உண்மையான நெகட்டிவ். ஒரு துண்டை மட்டும் பார்க்கும் சோதனை அவர்களைத் தவறாக ஒதுக்கிவிடும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலாயர், பறங்கியர் என்று கொழும்பில் ஒரே வரிசையில் கை நீட்டிப் படுக்கிறோம். ஆகவே முதலில் நம் சனங்களின் மாதிரிகளில் பார்த்து, அதற்கேற்ற சோதனையைத் தெரிவு செய்யுங்கள்.

அப்புறம், முடிவைக் கொடையாளருக்கும் சொல்லுங்கள், அவரவர் மொழியில். கொடுக்கும்போது பொசிட்டிவாகவும் வாங்கும்போது நெகட்டிவாகவும் டெல் வகைக்காரர் ஒருவரை நடத்த வேண்டி வரலாம். கொடை அட்டையில் ஒரு வரி தமிழில் இருந்தால், விபத்தில் கிடக்கும்போது கூட வருகிற சொந்தக்காரர் எடுத்துக் காட்டுவார்.

எனக்கு அடுத்த மாதம் நாலு மாதம் முடிகிறது. வருகிறேன். வழக்கமான பையோடு சின்னக் குழாய் ஒன்றும் கூடுதலாக எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஓ நெகட்டிவ் கொடையாளர்