உப்புப் படாத ஐஸுக்கு ஒரு நன்றி மடல்

சம்மாட்டி ஐயாவுக்கும், அந்தக் கிழமை கை கொடுத்த எல்லாருக்கும்,

வெள்ளத் தண்ணி வடிந்துவிட்டது. கரண்ட் வந்து பிறிஜ் திரும்ப இரையத் தொடங்கியிருக்கிறது. வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம் என்ன பாடு பட்டோம் என்று முல்லைத்தீவில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பிந்திப்போன தடுப்பூசிக் கிளினிக் நடந்து முடிந்தது. ஐந்து நோய்களைத் தடுக்கிற பென்டாவலன்ட் ஊசி மருந்தில் ஒரு குப்பிகூட வீசப்படவில்லை. அதற்கு முதல் நன்றி ஒரு மீன் வாடிக்குத்தான்.

கரண்ட் இல்லாத நேரம் மருந்தைக் குளிராக வைக்க ஐஸ் கேட்டு வந்த பொடியனிடம், சம்மாட்டி ஐயா, நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மருந்து உறைஞ்சால் பழுதாகுமோ?" ஓம் என்றதும் ஐஸ் அள்ளக் கையில் எடுத்த சவளைக் கீழே வைத்துவிட்டீர்கள். "அப்ப இந்தப் பெட்டியில கிடக்கிறது வேண்டாம். இதில கடல் தண்ணி பட்டிருக்கு. உப்புப் பட்ட ஐஸ் சுடும்." பிறகு புதுக் கட்டி ஒன்றை உடைத்து, கிணற்றுத் தண்ணியில் அலசி, மீன் படாத பொலித்தீன் பைகளில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தீர்கள். காசும் வாங்கவில்லை.

அந்தக் கேள்வி என்ன பெறுமதி என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

தடுப்பூசி என்றாலே சூடு பட்டுப் பழுதாகும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். வைக்க வேண்டியது 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில். ஆனால் பிறிஜுக்குள் இருக்கும் வெப்பப் பதிகருவி எப்போது அலாரம் அடிக்கிறது என்று பாருங்கள். 8-க்கு மேலே 10 மணித்தியாலம் நின்றால் அடிக்கும். மைனஸ் 0.5-க்குக் கீழே 60 நிமிடம் நின்றாலே அடித்துவிடும். சூட்டுக்குக் கொடுக்கிற தவணையைக் குளிருக்குக் கொடுப்பதில்லை.

காரணம் இதுதான். பென்டாவலன்ட், டி.டி., ஏ.ரி.டி. (இரண்டும் தொண்டைக்கரப்பானுக்கும் ஏற்புவலிக்கும்), எச்.பி.வி. (கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு) ஊசிகளில் மருந்து அலுமினிய உப்புத் துகள்களில் ஒட்டியிருக்கிறது. உறைந்தால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிபட்டுவிடும். உருகிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஊசி போட்ட இடம் வீங்கும், பலன் குறையும். சூடு பட்டதைக் காட்டக் குப்பியில் ஒட்டியிருக்கும் வி.வி.எம். வட்டமும் இதைக் காட்டிக்கொடுக்காது. உள்ளே உள்ள சதுரம் கறுப்பது சூட்டுக்கு மட்டும்தான். உறைந்து கெட்ட குப்பியிலும் அது வெளிறி, நல்ல பிள்ளை மாதிரி இருக்கும்.

இப்போது உங்கள் உப்புக்கு வருவோம். நல்ல தண்ணி ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் வரை சரியாகப் பூச்சியத்தில் நிற்கும், அதற்குக் கீழே போகாது. கடல் தண்ணி கலந்த ஐஸ் மைனஸ் 2-க்குக் கிட்டப் போகும். கல்லுப்பை அள்ளிப் போட்டால் இன்னும் எவ்வளவோ கீழே இறங்கும். பென்டாவலன்ட்டில் உள்ள ஹெப்பற்றைற்றிஸ் பி மைனஸ் 0.5 அளவிலேயே உறையத் தொடங்கும். மீனுக்கு நல்லதாக இருக்கிற அந்த ஒன்றரைப் பாகைதான் எங்களுக்கு எமன். இதைப் பயிற்சி வகுப்பில் படித்தவர்களே அவசரத்தில் மறப்பார்கள். நீங்கள் மீனின் தோல் கருகுவதைப் பார்த்துப் பழகியவர், அதனால் மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லி அனுப்பினீர்கள்: "வேர்க்கும் மட்டும் மூடாதையுங்கோ." ஐஸ் வேர்க்கிற வரை பெட்டியை மூடக்கூடாது என்று அர்த்தம். புத்தகத்திலும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள், இவ்வளவு அழகாக இல்லை. ஆழ் உறைவிப்பானிலிருந்து எடுத்த ஐஸ் பக்கற்றை அப்படியே காவும் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. வெளியே வைத்து, காதுக்குக் கிட்டப் பிடித்து ஆட்டினால் உள்ளே தண்ணி சலசலக்க வேண்டும். மேலே வெள்ளைப் பூப் படிந்து உலர்ந்திருந்தால் அது இன்னும் பூச்சியத்துக்குக் கீழே என்று அர்த்தம். ஈரமாகப் பளபளத்தால்தான் வைக்கலாம். பைகளுக்கும் குப்பிகளுக்கும் நடுவே ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டு வைத்தோம். குப்பிகளை மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பாவுக்குள் போட்டோம், ஏனென்றால் உருகிய தண்ணியில் லேபிள் ஊறிக் கழன்றால் பட்ச் (தயாரிப்புத் தொகுதி) இலக்கமும் காலாவதித் திகதியும் போய்விடும். தேர்மாமீற்றர் 2-க்குக் கீழே இறங்கவில்லை.

சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கிற ஒரு சோதனை உண்டு. அதே பட்சில் ஒரு குப்பியை வேண்டுமென்றே கல்லாக உறையவைத்து, உருகவிட்டு, சந்தேகக் குப்பியோடு சேர்த்து நன்றாகக் குலுக்கி மேசையில் வைத்து, அரை மணித்தியாலம் வரை பார்க்க வேண்டும். உறைந்ததைப் போலவே விரைவாக அடியில் மண்டி தங்கினால் சந்தேகக் குப்பியையும் வீச வேண்டும். போலியோ ஊசிக்கு இந்தச் சோதனை சரிவராது, அதில் அலுமினியம் இல்லை. உங்கள் தயவில் இந்த முறை ஒரு குப்பியையும் அப்படிப் பலிகொடுக்க வேண்டி வரவில்லை.

மற்ற எல்லாருக்கும் ஒரே மூச்சில் சொல்லுகிறோம். கரண்ட் இல்லாமலும் குளிரைக் காக்கிற பிறிஜின் ஐஸ் சுவர் தாக்குப்பிடிக்கிற நேரம் முடியப் போகையில் ஜெனறேற்றரைத் தந்த அரிசி ஆலைக்காரர், லான்ட் மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் பெட்டியை மடியில் வைத்துக் கொண்டுவந்த தம்பிமார், மண்டபத்தைத் திறந்துவிட்ட ஆலய சபையார், வரிசையில் சண்டை பிடிக்காத தாய்மார் (ஓரிருவரைத் தவிர), எல்லாருக்கும் நன்றி. பிள்ளையின் தடுப்பூசிப் பதிவுப் புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றித் தலையில் வைத்துக் கடந்து வந்த அக்காமாருக்குத் தனியாக ஒன்று. புத்தகம் நனைந்து போனவர்கள் கலங்க வேண்டாம். மருத்துவமாதின் பதிவேட்டில் இருக்கிறது, பார்த்து எழுதித் தருவோம்.

பிந்தின பிள்ளைகளைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். பென்டாவலன்ட் 2, 4, 6 மாதங்களில் போடுவது. இடையில் ஒன்று தவறினால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடுத்ததற்கு ஆகக் குறைந்தது 4 கிழமை (வாரம்) இடைவெளி வேண்டும். 9 மாத எம்.எம்.ஆர். (சின்னமுத்து எனும் தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசியையும் 12 மாத ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியையும் மட்டும் கவனியுங்கள். இரண்டும் உயிர்த் தடுப்பூசி, அதாவது வலுக்குறைத்த உயிருள்ள கிருமியால் ஆனவை. ஒரே நாளில் போடலாம், இல்லாவிட்டால் 4 கிழமை தள்ள வேண்டும். தூளாக வரும் இவற்றைக் கரைத்தால் 6 மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை வீசுவதைப் பார்த்து வயிறெரியாதையுங்கோ.

எம்.எம்.ஆர். பற்றி இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2019-இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023-இல் அது திரும்ப வந்தது. 2024 ஜனவரியில் ஆபத்து அதிகமான மாவட்டங்களில் 9 மாதம் ஆகாத குழந்தைகளுக்கே மேலதிகமாக ஒரு ஊசி போட வேண்டி வந்தது. வெள்ளத்தால் ஒரு கிளினிக் தள்ளிப்போவது அந்த நோய்க்குத் திறந்துவிட்ட படலை.

ஊசியே இல்லாமல் தோலில் ஒட்டுகிற சின்னமுத்துத் தடுப்பு மருந்தை காம்பியாவில் சிறு குழந்தைகளில் பரிசோதித்து, முடிவை 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பெரிய ஆய்வுகள் முடிந்து அது எங்கள் கைக்கு வர இன்னும் காலம் எடுக்கும். பற்றரி இல்லாமல் வெயிலில் நேரே ஓடி, பகலில் ஐஸ் கட்டி இரவைக் கடக்கிற பிறிஜ்கள் ஏற்கனவே இருக்கின்றன. உறைந்த பக்கற்றை அப்படியே வைத்தாலும் குப்பியை உறையவிடாத காவும் பெட்டிகளும் இருக்கின்றன. அடுத்த மாரிக்கு முன்னம் இவற்றில் ஒன்றையாவது எழுத்தில் கேட்டு, பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை கிளினிக் சுவரில் ஒரு மட்டை தொங்கும்: "வேர்க்கும் மட்டும் மூடாதே. உப்புப் பட்ட ஐஸ் எடுக்காதே." எழுதியாயிற்று.

ஐயா, உங்கள் ரெஜிபோம் பெட்டி எங்களிடம்தான் கிடக்கிறது. மூடியின் ஒரு மூலை எங்கள் கையால் உடைந்துபோனது. மீன் மணமும் எவ்வளவு கழுவியும் போகவில்லை, அது முதலே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை புது மூடியோடு கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
கிளினிக்கில் நிற்கிறவர்கள்