ஓடிபி ஏன் வரவில்லை

அன்புள்ள செல்வத்துக்கு,

நலம்தானே? இவ்வளவு நாள் எழுதாததற்குச் சாக்கு எதுவும் சொல்லப்போவதில்லை, நீயும்தான் எழுதவில்லை. தங்கச்சியின் ஐபோனைப் பஸ்ஸில் அடித்துவிட்டார்கள் என்று குமார் சொல்லித்தான் தெரியும். "சஞ்சார் சாத்தியில் பதிஞ்சுட்டா போதும், எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க" என்று ஆறுதல் சொன்னானாமே! கேள்வித்தாள் அவுட் என்று நம்மை ராத்திரி முழுக்க முழிக்க வைத்தவன். அவன் பேச்சை இன்னுமா நம்புகிறாய்? சஞ்சார் சாத்தி என்பது திருட்டுப் போனை முடக்கும் அரசு இணையதளம், அவ்வளவுதான்.

சிம்மை அன்றைக்கே முடக்கிவிட்டாய் என்று கேட்டதும்தான் மூச்சு வந்தது. நிறையப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். சஞ்சார் சாத்தி முடக்குவது போனின் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனுக்கே உரிய அடையாள எண்ணை மட்டும். திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் பேங்க் ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போகும். பேங்கில் சொல்லி யூபிஐயையும் நிறுத்திவிடு. ஒரு ரூபாய் போயிருந்தாலும் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடி.

ஓடிபி வரவில்லை என்று இணையதளத்தைத் திட்டித் தீர்த்தாயாம். அதன் மேல் தப்பில்லையப்பா. டூப்ளிகேட் சிம் வாங்கினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் ஓடாது. உன் பெயரில் வேறு எவனாவது சிம் மாற்றிப் பணத்தைச் சுருட்டாமல் இருக்கப் போட்ட விதி. ஆனால் போனை முடக்கும் படிவத்துக்கோ அதே எண்ணில் ஓடிபி வர வேண்டும். விதி இரண்டும் நல்லதுதான்; இடையில் திருடனுக்கு ஒரு நாள் லாபம். மறுநாள் முயன்று பார், வரும்.

அதற்குள் சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது போலீசில் புகார் கொடுத்ததற்குத் தரும் ரசீதை, ஸ்கேன் செய்து வை. ஸ்டேஷனில் "தொலைந்துவிட்டது" என்று எழுதச் சொல்வார்கள். திருட்டு என்றால் திருட்டு என்றே எழுதிக் கொடு. ஐஎம்இஐ 15 இலக்கம், பெட்டி மேல் இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தால் ஆப்பிள் கணக்கில் சாதனங்களின் பட்டியலைப் பார். இரண்டு எண் இருந்தால் இரண்டையும் கொடு. ஒன்றை விட்டால் அந்தப் பக்கம் சிம் ஓடும்.

முடக்கியதும் இந்திய நெட்வொர்க் எதிலும் அது எடுக்காது. யாராவது சிம் போட்டால் போலீசுக்குத் தகவல் போகும். போய்ப் பிடிப்பது அவர்கள் பாடு. ஆனால் வைஃபை ஓடும், எல்லை தாண்டினால் இந்த முடக்கம் செல்லாது. எண்ணையே மாற்றி எழுதுகிறவர்களும் உண்டு. 2020இல் மீரட்டில் ஒரே ஐஎம்இஐயில் 13,000க்கு மேல் போன்கள் ஓடியது ஞாபகம் இருக்கிறதா? இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் கடுமைதான், பிடிபட்டால்.

உண்மையில் திருடன் கையைக் கட்டுவது 2013இல் ஆப்பிள் கொண்டுவந்த பூட்டுதான். உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல் போனை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க முடியாது. அதனால்தான் செல்வம், இனிமேல்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்க்கில் பாருங்கள்" என்று மெசேஜ் வரும். பக்கம் ஆப்பிள் மாதிரியே இருக்கும். தங்கச்சி ஆசைப்பட்டுப் பாஸ்வேர்டு போட்டால், கதை முடிந்தது. ஆப்பிள் கணக்கில் அந்தப் போனைத் "தொலைந்தது" என்று குறித்து வை. கணக்கிலிருந்து மட்டும் போனை நீக்கிவிடாதே. எவன் கெஞ்சினாலும், மிரட்டினாலும்.

புது சிம்முக்கு "பின்" (PIN) என்ற ரகசியப் பூட்டு எண் போடு. ஆரம்ப எண் என்ன என்று கம்பெனியிடம் கேட்டுவிட்டு மாற்று. ஊகித்து மூன்று தடவை தப்பாய் அடித்தால் பியூகே (PUK) என்ற திறப்பு எண்ணைக் கேட்கும். அதையும் 10 தடவை தப்பாக்கினால் சிம்மே குப்பை. 2025 கடைசியில் எல்லாப் புதுப் போனிலும் சஞ்சார் சாத்தி செயலியைப் போட்டே விற்கச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். அந்த வேகத்தை சிம் "பின்" எண் பற்றிச் சொல்வதில் காட்டியிருக்கலாம்.

குமார் பழைய போன் தேடுகிறானாம். வாங்குமுன் அதில் *#06# அடித்து எண்ணைப் பார்த்து, கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு அந்த 15 இலக்கத்தையும் 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல். முடக்கப்பட்டது, போலி என்று பதில் வந்தால் தொடவே கூடாது. கேட்கமாட்டான், சொல்லி வை.

முடக்கக் கோரிக்கை எண்ணைத் தாளில் எழுதி பீரோவில் வை. போன் திரும்பி வந்தால் முடக்கத்தை எடுக்க அதுதான் வேண்டும்.

அன்புடன்,
பாலு