டிரெஸ்டன் போகும் தங்கச்சிக்கு

ஆகன், ஜெர்மனி

அன்புள்ள கண்ணு,

ஸ்காலர்ஷிப் கிடைத்த சேதியை நீ சொன்னபோது லேபில் இருந்தேன், சத்தம் போட்டுச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. ராத்திரி அம்மாவிடம் பேசும்போது அழுகையே வந்துவிட்டது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், "நீ பக்கத்துலதான இருப்ப?" பக்கத்தில் இல்லை கண்ணு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகன் இந்த நாட்டின் மேற்கு ஓரம், டவுன் பஸ் ஏறினால் நெதர்லாந்தே வந்துவிடும். டிரெஸ்டன் கிழக்கே செக் எல்லைக்குக் கிட்ட இருக்கிறது, வேக ரயிலிலேயே ஏழெட்டு மணி நேரம் ஆகும். பண்டிகைக்கு வருவேன், உடம்புக்கு முடியவில்லை என்றால் கட்டாயம் வருவேன். மற்றபடி அக்கா இருக்கிறாள், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப் போடாதே.

எதற்குத் தயாராக வேண்டும் என்று கேட்டிருந்தாய். முதல் மாதத்துக்குத் தயாராகு, மீதிப் பதினொரு மாதமும் தானாக நடக்கும். இங்கே ஒவ்வொரு தாளும் இன்னொரு தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அறைக்குள் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு அறை கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். பெரும்பாலான வங்கிகள் அந்தப் பதிவுத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் கணக்கே திறக்கும், கணக்கு இருந்தால்தான் ஸ்காலர்ஷிப் பணம் வந்து விழும். பாவில் ஓர் இழை அறுந்தால் அப்பா தறியை நிறுத்திவிட்டு அதைப் பிணைத்த பிறகுதான் அடுத்த ஊடை போடுவார் இல்லையா, அப்படித்தான் இதுவும். எனக்கு அக்டோபரில் வர வேண்டிய பணம் நவம்பர் பாதியில்தான் வந்தது. அந்த நாட்களில் இங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுத்தார், கணக்குக்கூட எழுதி வைக்கவில்லை. எல்லா ஊரிலும் அப்படி ஓர் அக்கா கிடைப்பார் என்று நம்பி வராதே. இரண்டு மாதச் செலவுக்கான பணம் ஃபாரெக்ஸ் கார்டில் இருக்கட்டும், கொஞ்சம் யூரோ நோட்டாகவும் வைத்துக்கொள்.

விசாவுக்குச் சென்னையில் இருக்கும் ஜெர்மன் துணைத் தூதரகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஸ்காலர்ஷிப் இல்லாமல் வருகிறவர்கள் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ, நம் பணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல், மொத்தமாக எடுக்க முடியாத முடக்குக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். உனக்கு ஸ்காலர்ஷிப் கடிதமே போதும். ஆனால் மாதம் எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும், 992 யூரோவுக்குக் குறைவாக இருந்தால் மீதியை நாம்தான் காட்ட வேண்டும். மருத்துவக் காப்பீடும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார். இல்லையென்றால் மாதம் 140 யூரோவுக்கு மேல் தனியாகப் போகும், மாணவிக்கு அது பெரிய தொகை. அப்புறம், பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் எல்லாத் தாளிலும் இருக்கட்டும். இனிஷியல் விரிந்து அப்பா பெயர்தான் குடும்பப் பெயர் ஆகும். இங்கே என்னை "ஃப்ராவ்", அதாவது திருமதி மாதிரி, என்று சொல்லி அப்பா பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள், ஒவ்வொரு முறையும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

மாணவர் விடுதிகளை நடத்துவது ஸ்டூடன்டன்வெர்க் என்ற அமைப்பு. அனுமதிக் கடிதம் வந்த அன்றைக்கே அங்கே விண்ணப்பித்துவிடு, காத்திருப்போர் வரிசை பெரிது. அறையில் கட்டிலும் மெத்தையும் இருக்கும், விரிப்பும் போர்வையும் பெரும்பாலும் இருக்காது. நம் சென்னிமலை பெட்ஷீட் இரண்டு எடுத்துக்கொள், அதுவும் அப்பா நெய்ததாக இருக்கட்டும்.

அம்மா நெய் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொடுப்பார்கள், வாங்காதே. பாலில் செய்ததும் கறியும் ஐரோப்பாவுக்குள் கொண்டுவரக் கூடாது, பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். தேங்காய்க்குத் தடை இல்லை. அரிசியும் துவரம்பருப்பும் இங்கேயே கிடைக்கும். சாம்பார்ப் பொடி, வறுத்த கொள்ளு, சின்ன குக்கர், இவை போதும். புறப்படும் முன் அரிசிம்பருப்புச் சோறு மட்டுமாவது உன் கையால் ஆக்கிப் பழகிக்கொள், ஞாயிற்றுக்கிழமை இங்கே கடையெல்லாம் சாத்தியிருக்கும். கோட்டுக்கு ஊரில் காசு போடாதே, இந்தக் குளிருக்கு இங்கே வாங்குவதுதான் தாங்கும்.

குளிரைவிட என்னை வாட்டியது இருட்டுதான். டிசம்பரில் டிரெஸ்டனில் நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், காலையில் எட்டு மணிக்குத்தான் விடியும். செப்டம்பரிலேயே வந்துவிட்டால் வெளிச்சம் இருக்கும்போதே ஊரும் நாலு முகமும் பழகிவிடும், அதனால் அக்டோபர் வகுப்புக்குச் சரியாகக் கணக்குப் பார்த்து டிக்கெட் போடாதே. மனசு சரியில்லை என்றால் நான் ஹாம் ஊருக்குப் போவேன், இங்கிருந்து ஒரே ரயில். இலங்கைத் தமிழர்கள் அங்கே கட்டி 2002ல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு நடுவே நம் ஊர்க் கோபுரம் தெரியும்போது தொண்டை அடைக்கும். ஒரு தடவை உன்னைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போவேன்.

இனி அப்பாவுக்காக எழுதுவது, சத்தமாகப் படித்துக் காட்டு. ஒரு புள்ளையை அனுப்பியது போதாதா என்று கேட்டீர்களாம் அப்பா. தங்கச்சி படிக்கப் போவது தண்ணீர். நம் நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையை 1992ல் கட்டி முடித்தார்கள், பாசனத்துக்கென்று கட்டிய அணையில் திருப்பூர்ப் பட்டறைகளின் சாயத் தண்ணீர் வந்து தேங்கியது. அம்மாயி தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை இவள் சின்னதில் வாயில் வைத்துத் துப்பியது ஞாபகம் இருக்கிறதுங்களா? "மாடே குடிக்கறதில்ல சாமி, நீ எங்க குடிப்ப" என்று அம்மாயி சேலைத் தலைப்பால் அவள் வாயைத் துடைத்துவிட்டார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியே வரக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியும் நடக்காமல், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னார்கள். அப்போது எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். உங்கள் தறிக்கு வரும் நூலே சாயம் போட்டுத்தான் வருகிறது.

டிரெஸ்டன் நடுவே ஓடும் எல்பே ஆறும் 1980களில் ஐரோப்பாவிலேயே மிக மோசமாகக் கெட்டுக் கிடந்த ஆறுகளில் ஒன்று. 1990ல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு நிறைய ஆலைகள் மூடிவிட்டன, ஊர் ஊராகச் சுத்திகரிப்பு நிலையங்களும் கட்டினார்கள். அற்றுப்போன சால்மன் மீனைக் குஞ்சு விட்டுத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். ஆலைகள் மூடியதும் ஆறு தேறியதற்கு ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது. நமக்கு ஆற்றோடு சேர்த்துப் பட்டறையும் வேண்டும், அதனால் நம் வேலை இன்னும் கஷ்டம். அதைக் கற்றுக்கொள்ளத்தான் அவள் போகிறாள், ஒரு வருடம் அனுப்பி வையுங்கள் அப்பா.

கண்ணு, ஸ்காலர்ஷிப் கடிதத்தையும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து இந்த வாரமே அனுப்பு. தேதிகளைப் பார்த்துவிட்டு, நீ இறங்கும் அன்றைக்கு லீவு கேட்கிறேன். முதல் வாரம் மட்டும் நான் உன்கூட டிரெஸ்டனில் இருப்பேன், இதை அம்மாவிடமும் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் அக்கா